வேலைக்குப் போக எந்த சைக்கிள்: ஹைப்ரிடா, ரோடு பைக்கா?

காரைக்கால் பக்கம் மேடு பள்ளமில்லாத டெல்டா சமவெளி. திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் என்று தினமும் போய்வர கியர் சைக்கிள் வாங்குபவர்கள் கவனிக்க:

• டயர்: ரோடு பைக்கில் பெரும்பாலும் 25-28 மி.மீ.; ஹைப்ரிடில் 35-40 மி.மீ. குண்டும் குழியுமான தெருவுக்கு அகல டயரே தாங்கும்.

• கியர்: சமதரையில் 7 அல்லது 8 கியர் போதும், 21-க்குக் கூடுதல் பணம் வேண்டாம்.

• காற்று: கடற்காற்று எதிர்த்தால் ரோடு பைக்கில் குனிந்து ஓட்டுவது சுலபம். நெரிசலில் நிமிர்ந்து பார்த்து ஓட்ட ஹைப்ரிடே வசதி.

• வால்வு: ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் தனி அடாப்டர் தேவை. ஹைப்ரிடில் பொதுவாக மோட்டார் சைக்கிளில் இருக்கும் வால்வுதான்; பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம்.

• மழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மட்கார்டு, டிஸ்க் பிரேக் அவசியம். சாப்பாட்டுப் பைக்கு கேரியர் மாட்டத் துளை இருக்கிறதா பாருங்கள்.

• துரு: உப்புக்காற்றுக்கு அலுமினிய ஃபிரேம் நல்லது. வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

தினசரி வேலைக்கு ஹைப்ரிட்; ஞாயிறு காலையில் தரங்கம்பாடி வரை வேகமாகப் போய்வர ஆசையென்றால் ரோடு பைக்.