ஏ, பி, சி சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்பது வார்த்தை

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

கடையத்திலும் சுற்றுப்பட்டிலும் சாயங்காலம் சாக்பீசும் கையுமாக உட்காரப் போகிறீர்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை வீட்டு வாசலில் வைத்துப் படிப்பிக்கிற வழக்கம் நம் பக்கம் பழகிவிட்டது. உங்களில் சிலருக்குப் பிள்ளைகள் வருவார்கள். சிலருக்குப் பீடி சுற்றும் அக்காமாரும் ஆச்சிமாரும் வருவார்கள். இரண்டு கூட்டமும் கேட்பது ஒன்றுதான்: "இங்கிலீஷ் எழுத்தைச் சொல்லித் தாங்க." கரும்பலகை முன்னால் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலதைச் சொல்லிவைக்கிறேன்.

1. வருகிறவர் ஒன்றும் தெரியாதவர் என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆச்சி தினமும் ஆங்கில எழுத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஏ.டி.எம், டி.வி, பி.எஃப், எல்.ஐ.சி, ஈ.பி, ஆர்.டி.ஓ, கே.ஜி: இந்த ஏழு சொல்லில் 16 எழுத்து அடங்கிவிடுகிறது. கோட்டாட்சியர் ஆபீசைத்தான் இங்கே ஆர்.டி.ஓ என்கிறேன், காரணம் நாலாவதில் வரும். ஜே.சி.பி-யையும் எக்ஸ்ரேயையும் சேர்த்தால் இன்னும் இரண்டு. பெயர் வாயில் இருக்கிறது, உருவம் கண்ணுக்குப் பழகவில்லை. முதல் நாள் இந்தச் சொற்களைப் பலகையில் எழுதி, அவர்களையே வாசிக்க வையுங்கள். பாதிக் கிணறு அன்றைக்கே தாண்டியாகும்.

2. தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு முதலில் தமிழ். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தாய்மொழியில் ஒருதரம் பிடிபட்டால், அடுத்த மொழிக்கு அது தானாகக் கைகொடுக்கும். பேத்தி இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள் என்பதற்காக ஆச்சியும் ஏ-யில் தொடங்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அவளுடைய பெயரைத் தமிழில் எழுதட்டும், ரேஷன் கார்டைத் தமிழில் வாசிக்கட்டும், ஆங்கிலம் அப்புறம்.

3. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. தமிழில் 'அ' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் நம் பிள்ளை சி, ஏ, டி என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது எப்படிப் பூனை ஆயிற்று என்று முழிக்கும். அதன் மேல் தப்பில்லை. ஆங்கில மெய்யெழுத்து எல்லாம் நம் புள்ளி வைத்த எழுத்து மாதிரி என்று சொல்லிவிடுங்கள்: பி என்பது பெயர், ப் என்பதுதான் வேலை. நீங்களும் 'பு', 'டு' என்று வாலை நீட்டாமல் 'ப்', 'ட்' என்று வெட்டிச் சொல்லுங்கள். வால் நீண்டால் பிள்ளை 'பஸ்ஸு' என்றுதான் வாசிக்கும்.

4. பி-க்கும் பி-க்கும், டி-க்கும் டி-க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குவார்கள். பி.எஃப்-இல் வரும் பி வேறு, ஈ.பி-யில் வரும் பி வேறு. கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ, வண்டி லைசென்ஸ் கொடுக்கிறவரும் ஆர்.டி.ஓ, ஆங்கிலப் பலகையில் நடு எழுத்து மாறும். அதைப் பார்க்கத் தெரியாமல் மனுவோடு ஆபீஸ் மாறி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு.

இந்த வித்தியாசம் நம் எழுத்தில் இல்லையே தவிர, நாக்கில் இருக்கிறது. 'தப்பு' என்று சொல்லச் சொல்லுங்கள், பிறகு 'தம்பி'. அதேபோல் 'வட்டி', 'வண்டி', 'பாக்கு', 'பாங்கு'. இரட்டித்து வரும்போது ஒலி வன்மையாக விழுகிறது, ம், ண், ங் முன்னால் நின்றால் மென்மையாகிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'பம்பரம்' என்று மெதுவாகச் சொன்னால் இன்னும் தெளிவு: முதல் ப-வில் உதடு திறக்கும்வரை தொண்டை சும்மா இருக்கும், இரண்டாவது ப-வில் உதடு மூடியிருக்கும்போதே அதிரும். அதிராதது பி.எஃப் பி, அதிர்வது ஈ.பி பி. ஒரே பம்பரத்தில் இரண்டு எழுத்தும் முடிந்தது.

5. ஏ முதல் இசட் வரை பாட்டு பாடட்டும், நல்லதுதான். பாடத்தை அந்த வரிசையில் நடத்த வேண்டாம். எஸ், ஏ, டேபிள் டி, பின் பி, ஐ, என் ஆகிய ஆறையும் முதலில் எடுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒலி வழியாகப் படிப்பிக்கிறவர்கள் பலரும் இந்த ஆறில்தான் தொடங்குகிறார்கள். காரணம் எளிது: பின், டின், டிப், ஸிட் என்று முதல் வாரத்திலேயே முழுச் சொல்லை வாசித்துவிடலாம். 26 எழுத்தும் முடிந்த பிறகுதான் முதல் சொல் என்றால், அதற்குள் பாதிப் பேர் வராமல் நின்றுவிடுவார்கள்.

6. பிள்ளைகளுக்கு ஸ்மால் லெட்டர் முதலில், பெரியவர்களுக்குக் கேப்பிட்டல் முதலில். பிள்ளை வாசிக்கப் போவது பாடப்புத்தகம். பெரியவர் வாசிக்கப் போவது பெயர்ப் பலகையும் பாஸ்புக்கும். ஸ்மால் லெட்டரில் பஸ் எழுதும் பி-யையும் டாக் எழுதும் டி-யையும் ஒரே வாரத்தில் தொடவே தொடாதீர்கள். செம்பை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் செம்புதான் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு குச்சியும் ஒரு வயிறும் பக்கம் மாறினால் வேறு எழுத்து என்பது புரியாத புதிர். பி-யைக் குச்சியில் தொடங்கவும், டி-யை வயிற்றில் தொடங்கவும் கையைப் பழக்குங்கள். கண் குழம்பினாலும் கை குழம்பாது. நாலு கோடு நோட்டில் எந்த எழுத்து மேல் கோட்டைத் தொடும், எது கீழே இறங்கும் என்பதையும் அப்போதே காட்டிவிடுங்கள்.

7. நோட்டுக்கு முன்னால் மணல். இதைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்காதீர்கள். 1790களில் மதராஸில் படைவீரர்களின் பையன்களுக்கான அநாதை விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கவனித்துவந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டவர், ஆங்கில எழுத்தையும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் ஒத்துவரவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார், அது பலித்தது. 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கள் எழுத்தைப் படிக்க நம் திண்ணையிலிருந்து மணல் போயிருக்கிறது. நீங்கள் ஒரு தாம்பாளத்தில் பரப்பிவைக்க வெட்கப்பட வேண்டாம். மணலில் தப்பு நிற்காது, தடவினால் போயிற்று. அதனால் எழுதப் பயமும் இராது.

பெல் காட்டிய இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள்: நேற்றுப் படித்தவர் இன்றைக்கு வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள். உங்கள் திண்ணையிலும் வயதைப் பார்க்காமல் நிலையைப் பாருங்கள்.

8. பெரியவர்களின் நேரத்துக்கும் மானத்துக்கும் மரியாதை கொடுங்கள். மடியில் தட்டு இருக்கிறது, கடையில் பீடி ஒப்படைக்க வேண்டிய நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு 'ஆள் வரவில்லை' என்று குறைப்படாதீர்கள். பேரன் பார்க்கும்போது ஆச்சியைத் திருத்தாதீர்கள். 'தப்பு' என்பதற்குப் பதில் 'இன்னொருதரம் சொல்லுங்க' என்றால் வேலை நடந்துவிடும். கையெழுத்துப் போடக் கற்றவுடன் எழுத்தறிவு வந்துவிட்டது என்று கணக்கு முடித்துவிடவும் கூடாது. அவளுக்கு அது ஒரு படம் வரைந்த மாதிரி. ஓர் எழுத்தை மட்டும் தனியே எடுத்துக் காட்டினால் தெரியாது. கைநாட்டு போன இடத்தில் வாசிப்பு வந்ததா என்று பாருங்கள்.

9. பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதவைப்பது படிப்பாகாது. அழகாக இம்போசிஷன் எழுதுகிற பிள்ளையிடம் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். பல நேரம் அது வானத்தைப் பார்க்கும். வாசிப்பைச் சோதிக்க வேண்டுமானால் நீங்கள் சொல்லித்தராத ஒன்றைக் கொடுங்கள். தெருவில் போகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் டி.என். 76 இருக்கிறது. கீழக்கடையம் ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயர் தமிழோடு ஆங்கிலத்திலும் இருக்கிறது. சோப்பு உறை, மாத்திரை அட்டை, செல்போனில் வரும் மெசேஜ் எல்லாம் காசில்லாத பாடப்புத்தகம். உங்களிடம் படிக்கிறவர் அதில் ஏதாவது ஒன்றை, யாரும் கேட்காமலே, எழுத்துக்கூட்டித் தப்பும் தவறுமாக வாசித்தால் அவரைத் திருத்த அவசரப்படாதீர்கள். முழுச் சொல்லையும் அவரே முடிக்கட்டும். அதன் பிறகு அவருக்கு அடுத்த ஆறு எழுத்தைத் தொடங்கலாம்.