சுருள் கேட்டு வருகிறவள் தலையை முதலில் நனைத்துப் பார்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பார்லர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், பெர்மிங் என்றதும் ராடு சுற்றுவதைத்தான் முதலில் படிக்க நினைக்கிறார்கள். அது நாலு தலை பார்த்தால் கைக்கு வந்துவிடும். யார் தலையில் சுற்றலாம், யார் தலையில் கூடாது என்று முடிவெடுக்கத்தான் நாளாகும். இப்போது பையன்களும் ‘கர்லி பண்ணணும்’ என்று வந்து உட்காருகிறார்கள். இந்த வேலையிலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன் மக்களே.

1. நனைத்துப் பார்க்காமல் ரேட் சொல்லாதே.

சுருள் கேட்டு வருகிற நிறையப் பேருக்கு அது ஏற்கெனவே தலையில் இருக்கும், அவர்களுக்கே தெரியாது. நம் ஊரில் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, பல் நெருக்கமான சீப்பால் இழுத்து வாரி, ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டுகிறோம். பிளஸ் டூ முடிகிறவரை அதே கட்டுதான். கல்லூரிக்குப் போய் அவள் சடையை அவிழ்க்கும்போது முடி நேராகவும் தொங்காது, சுருளாகவும் விழாது, உப்பிக்கொண்டு நிற்கும். ‘பரட்டை’ என்று வீட்டில் பெயர் வைத்தாயிற்று. உன்னிடம் வந்து ஸ்ட்ரெயிட்டனிங் கேட்பாள், இல்லையென்றால் ஒழுங்கான சுருள் வேண்டும் என்று பெர்ம் கேட்பாள்.

ஷாம்பு போட்டு எண்ணெயை முதலில் எடு. கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, விரலாலேயே சிக்கெடுத்து, அலசு. துடைக்காதே, சீவாதே. தலையைக் குனியச் சொல்லி, நுனியை உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கிக் கசக்கிப் பிழி. பிறகு கையை எடுத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வா. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பார். சீப்பும் வெயிலும் அதிகம் படாத இடம் அதுதான். சுருள் இருந்தால் முதலில் அங்கேதான் தலைகாட்டும். வளைவு தானாக எழும்பி வந்தால் அவளுக்குப் பெர்ம் வேண்டாம், பராமரிப்பைச் சொல்லிக் கொடு. ஈரம் காயக் காயவும் நேராகவே தொங்கினால் பெர்ம் பற்றிப் பேச்சை எடுக்கலாம்.

சிலர் ‘எனக்கு 3ஏ டைப்’ என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஓப்ரா வின்ஃப்ரேயின் முடி அலங்காரக்காரர் ஆண்ட்ரே வாக்கர் வகுத்த கணக்கு அது. ஒரே தலையில் உச்சி லேசான அலையாகவும் பிடரி இறுக்கமான சுருளாகவும் இருப்பதை நீயே பார்ப்பாய். எண்ணை நம்பி மருந்து எடுக்காதே.

2. ‘கெமிக்கல் போட்டிருக்கியா?’ என்று கேட்காதே.

‘இல்லக்கா’ என்றுதான் பதில் வரும். அவள் கணக்கில் ஹென்னா இலைதானே, கெரட்டின் சத்துதானே. அண்ணன் கல்யாணத்துக்குச் செய்த ஸ்மூத்தனிங் மறந்தே போயிருக்கும். ஆகவே பெயர் சொல்லிக் கேள்: பாக்கெட் ஹென்னா உண்டா, கருப்பு ஹென்னாவா, டை அடித்தது எப்போது, ரீபாண்டிங் செய்தது எப்போது? முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பளவு முடியின் நுனி ஐந்தாறு வருஷம் பழசு. அத்தனை வருஷம் தடவியதன் பலனும் அந்த நுனியில் இருக்கிறது. ரீபாண்டிங் செய்த பாகத்தில் பெர்ம் லோஷன் பட்டால் சுருள் வருவதற்கு முன் முடி ஒடியும். அந்தப் பாகம் வளர்ந்து வெட்டுப்படுகிறவரை காத்திருக்கச் சொல்வதைத் தவிர வழியில்லை.

சில பொடிகளிலும் டைகளிலும் உலோக உப்பு கலந்திருக்கும். சந்தேகம் வந்தால் பிடரியிலிருந்து கொஞ்சம் முடி வெட்டி, 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சில சொட்டு அம்மோனியா கலந்த கண்ணாடிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் போட்டு வை. சூடேறினாலோ, நுரைத்தாலோ, சட்டென்று நிறம் மாறினாலோ அந்தத் தலையைத் தொடாதே.

3. ஈர முடி ஒன்றை இரண்டு விரலில் பிடித்துப் பைய இழு. கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினால் நல்ல முடி. நீண்டது நீண்டபடியே நின்றாலும், இழுத்த உடனே அறுந்தாலும் பெர்ம் கிடையாது. பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் கொட்டுகிற முடிக்கும், கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுகிற முடிக்கும் அதே பதில்.

4. மருந்து உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு கையில் எடு.

முடி கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். லோஷனில் இருக்கிற அம்மோனியம் தயோகிளைக்கோலேட் அந்தக் கட்டுகளில் ஒரு பகுதியை அவிழ்க்கும். அப்போது முடி ராடின் வளைவுக்கு இணங்கும். நியூட்ரலைசரில் உள்ள பெராக்சைடு அந்த வளைவிலேயே மறுபடியும் கட்டும். அவ்வளவுதான் பெர்ம். லோஷனை அரைகுறையாக அலசுவதும், நியூட்ரலைசரை அவசரமாக முடிப்பதும்தான் பெரும்பாலான கேட்டுக்குக் காரணம். ராடைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் முழுசாக அலசு, தண்ணீரை ஒற்றி எடு, பிறகு நியூட்ரலைசரைக் கம்பெனி சொன்ன நேரத்துக்கு வை. அடுத்த ஆள் காத்திருக்கிறாள் என்று ஒரு நிமிடத்தையும் திருடாதே.

1906-இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மன்காரர் பெர்மை முதன்முதலில் காட்டியபோது வழி வேறு: காரமும் சூடான உலோக உருளைகளும். அதற்கு முன் மனைவி கத்தரீனா தலையில்தான் சோதனை நடந்தது. முதல் இரண்டு முறையும் முடி கருகி, தோலும் வெந்தது. மூன்றாவது முறையும் அந்த அம்மாள் உட்கார்ந்தார். சூடில்லாத கோல்டு வேவ் 1938-இல்தான் வந்தது. நம்மிடம் வருகிறவள் இரண்டாவது முறைக்கே உட்கார மாட்டாள், வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

5. வேர் நேராகத்தான் வளரும் என்பதை முன்கூட்டியே சொல்.

ஆறு மாதத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் உச்சி படிந்து நிற்கும், கீழே மட்டும் சுருள். மறுபடி வேர்ப் பக்கம் மட்டும் செய்ய வேண்டும். பழைய சுருளில் லோஷன் இறங்கினால் வெந்துவிடும். அந்தச் செலவையும் சேர்த்துச் சொல். சுருண்டால் நீளமும் குறையும். மகளைக் கூட்டிவந்த அம்மா இதைக் கேட்டதும் எழுந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுந்து போகட்டும், கெட்டுப்போய்த் திரும்பி வருவதற்கு அது மேல்.

6. போனில் படம் காட்டினால், படத்தில் இருக்கிற முடியின் அடர்த்தியைப் பார். 2015-இல் ‘பிரேமம்’ மலையாளப் படம் வந்தபோது எல்லைக்கு இந்தப் பக்கமும் அனுபமா பரமேஸ்வரனின் சுருளைக் கேட்காத பெண்பிள்ளை குறைவு. மெல்லிய முடியைச் சிறிய ராடில் இறுக்கிச் சுற்றினால் தலைத்தோல் தெரியுமே தவிர அந்தச் சுருள் வராது.

7. கல்யாணப் பெண்ணுக்குப் பெர்ம் வேண்டாம்.

ஒரு நாள் சுருளுக்கு ரோலர் இருக்கிறது, டாங் இருக்கிறது. தோவாளையிலிருந்து வருகிற பிச்சியையும் மல்லியையும் சவுரிச் சடை நெடுக வைத்த பிறகு பின்னால் சுருள் இருந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்? நெற்றியோரம் இரண்டு கற்றையைச் சுருட்டிவிடு, போதும். நெட் வைக்கிற கிறிஸ்தவப் பெண்களுக்கு முடி வெளியே தெரியும். அவர்களுக்கும் முந்தின இரவு ரோலர்தான் என் முடிவு. ஈர முடியில் டாங் வைக்காதே.

8. பையன்கள் விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இரு.

பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, உச்சியில் மூன்று விரல் நீளத்துக்குச் சுருள் கேட்கிறார்கள். நாலைந்து மாதத்தில் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். பிடிக்காவிட்டாலும் நஷ்டம் சின்னது. ஆனால் 2-ஆம், 3-ஆம் எண்ணில் சொன்ன கேள்வியும் சோதனையும் அவர்களுக்கும் உண்டு, ஏனென்றால் ஸ்ட்ரெயிட்டனிங்கும் கலரும் செய்யாத பையனை இப்போது தேட வேண்டியிருக்கிறது. ‘இதென்னல கோலம்’ என்று அப்பா சத்தம் போட்டால், 1940-களில் பாகவதர் கிராப் என்று ஊர் முழுக்க ஆண்கள் கழுத்துவரை முடி வளர்த்த கதையை எடுத்துவிடு. அந்த அப்பாவின் தாத்தாவே வளர்த்திருப்பார்.

9. சுருள் இருக்கிறவளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் வளைவுகளில் இறங்கி நுனிக்குப் போய்ச் சேராது. அதனால்தான் சுருட்டை முடி சீக்கிரம் வறளும். தேங்காய் எண்ணெயைக் குளித்த பிறகு பூசுவதை விட்டுவிட்டு, குளிப்பதற்கு முன் நடு முடியிலும் நுனியிலும் தேய்த்து ஊறவிடச் சொல். 2003-இல் மாரிக்கோ ஆய்வாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய்தான் என்று எழுதினார்கள். எண்ணெய் விற்கிற கம்பெனியின் ஆய்வு என்பதை நானும் மறக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கும் அப்படித்தான் படுகிறது.

சிக்கெடுக்கச் செம்பருத்தி இலைத் தாளியை மிஞ்ச ஒன்றும் கிடையாது. இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த வழுவழுப்பை முடியில் பூசிவிட்டு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே போக வேண்டும். வடிகட்டாவிட்டால் இலைத் துணுக்கு சுருளுக்குள் போய் மாட்டும். நாள் முழுக்கப் பொறுக்கலாம். சீயக்காய்த் தூளும் அப்படித்தான். அலசியதும் சொட்டச் சொட்ட இருக்கும்போதே கொஞ்சம் ஜெல் பூசி (ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டியதும் ஆகும்) கசக்கிவிட வேண்டும். தடித்த டர்க்கி டவல் முடியைக் கலைத்து உப்பவைக்கும். நம் வீட்டுத் துவர்த்து போதும், பழசாக இருந்தால் இன்னும் நல்லது. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். முழுக்கக் காய்கிறவரை கை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் ஒருத்தியும் கேட்பதில்லை.

ஷாம்புவே வேண்டாம் என்கிற லொரெய்ன் மாஸியின் ‘கர்லி கேர்ள்’ முறையைச் சிலர் படித்துவிட்டு வருவார்கள். நியூயார்க் குளிருக்கு அது சரியாக இருக்கலாம். நம் வேர்வைக்கும் எண்ணெய்க்கும் இரண்டே வாரத்தில் பொடுகு வந்து நிற்கும். வாரம் ஒரு முறை லேசான ஷாம்பு போடட்டும்.

10. எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேள்.

கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால் என்ன பூசினாலும் முடி விறைக்கும். கடைசி இரண்டு செம்பாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். நமக்கு இரண்டு மழைக்காலம்: ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று. காற்றில் ஈரம் ஏறும்போது முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து மாறுவதால்தான் காலையில் அடங்கிய சுருள் மதியம் உப்புகிறது. கிளிசரின் அதிகமுள்ள கிரீம் அந்த நாட்களில் ஈரத்தை இன்னும் இழுக்கும், ஜெல்லே மேல். ஆரல்வாய்மொழி வழியாக ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள் என்றால் எந்த மருந்தும் அந்தக் காற்றுக்கு முன் நிற்காது. தளர்வாகப் பின்னி, ஷால் சுற்றிக்கொண்டு போகட்டும்.

11. உன் கையையும் மூச்சையும் பார்த்துக்கொள்.

ஆசிட் பெர்மில் வருகிற கிளிசரில் மோனோதயோகிளைக்கோலேட் இந்த வேலை செய்கிறவர்களின் கையில் அலர்ஜி வரவைக்கிற பொருள். சாதாரண ரப்பர் கையுறையையும் தாண்டிப் போகும். நைட்ரைல் கையுறை வாங்கு. ஏசி அறையைப் பூட்டிக்கொண்டு லோஷன் திறக்காதே. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஸ்ட்ரெயிட்டனிங் மருந்துகளுக்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னது. டையிலும் பெர்மிலும் அந்தத் தொடர்பைக் காணவில்லை. கஸ்டமர் கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் இதையே சொல்.

12. ‘பெர்ம் வேண்டாம்னு சொல்லி அனுப்பினா முதலாளி திட்டுவாங்களே’ என்று கேட்பாய். வாஷுக்கும், கண்டிஷனிங்குக்கும், சுருள் எழுந்து நிற்கும்போதே செய்கிற டிரை கட்டுக்கும் காசு வாங்கு. சுருட்டை முடிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுனி வெட்ட வேண்டும், அவள் திரும்பி வருவாள். பெர்ம் செய்தால் நோட்டில் தேதி, லோஷன் பெயர், ராடு நிறம், வைத்திருந்த நிமிடம் நாலையும் எழுதிவிடு. அடுத்த தடவை நீ லீவில் இருந்தால் பார்க்கிற பிள்ளைக்கு அந்த நோட்டுதான் துணை.