கிணற்று நீரில் எண்ணெய் கலந்தால்: இராணுவத் தளங்கள் தரும் பாடம்

பயிரில் பூச்சி தாக்கினால் ஒரு போக மகசூல் குறையும். நிலத்தடி நீரில் எண்ணெயோ இரசாயனமோ கலந்துவிட்டால் அந்தக் கிணறு பல்லாண்டு காலத்திற்குப் பயன்படாமல் போகும். இதற்கு உலகில் மிகப் பெரிய சான்றாக விளங்குபவை இராணுவத் தளங்களாகும். விமான எரிபொருள், இயந்திரங்களின் பிசுக்கை நீக்கும் கரைப்பான்கள், தீயணைப்பு நுரை, துப்பாக்கிக் குண்டுகளின் ஈயம் ஆகியவை அங்கு ஆண்டுக்கணக்கில் மண்ணில் இறங்கியுள்ளன.

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் பகுதியில் இராணுவத் தளம் எதுவும் இல்லை. ஆனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்ட் ஆலையும், லாரிப் போக்குவரத்தும் உண்டு. டீசலும் மசகு எண்ணெயும் புழங்கும் இடங்களுக்கு அருகில் கிணறு வைத்துள்ள உழவர்கள் இந்தப் பாடத்தை அறிந்துகொள்வது அவசியம்.

நடந்தது என்ன?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் லெஜூன் என்ற கடற்படை வீரர் முகாம் உள்ளது. அங்கு 1950களிலிருந்து 1980கள் வரை குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் முதலிய நச்சுப் பொருட்கள் கலந்திருந்தன. நிலத்தடித் தொட்டிகளின் கசிவும், முகாமுக்கு வெளியே இருந்த ஒரு சலவை நிலையத்தின் கழிவும் இதற்குக் காரணங்கள். 1982ஆம் ஆண்டு குழாய் நீரைச் சோதித்தபோது ஒரு லிட்டரில் 1,400 மைக்ரோகிராம் வரை டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. இன்று அந்நாட்டில் குடிநீருக்கு அனுமதிக்கப்படும் அளவு 5 மைக்ரோகிராம் மட்டுமே. அப்படியிருந்தும் கெட்டுப்போன கிணறுகளில் பெரும்பாலானவை 1984 இறுதியிலும் 1985 தொடக்கத்திலும்தான் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடர வழிசெய்யும் தனிச் சட்டம் 2022இல்தான் வந்தது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் கேனன் விமானப்படைத் தளத்தின் தீயணைப்பு நுரை அருகிலிருந்த பால் பண்ணையின் கிணறுகளில் இறங்கியது. 2018இல் இது தெரியவந்ததும் பண்ணையின் பாலைக் கீழே கொட்டவேண்டி வந்தது. முடிவில் 3,600க்கும் மேற்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன. தளத்தில் தவறு நடந்தது. பண்ணையாளர் மந்தையை இழந்தார்.

சுண்ணாம்புப் பூமியில் கூடுதல் எச்சரிக்கை

மணற்பாங்கான நிலத்தில் நீர் மெதுவாக வடிந்து செல்லும். சுண்ணாம்புப் பாறையிலோ வெடிப்புகளும் துவாரங்களும் வாய்க்கால் போல அமைந்திருக்கும். மேலே சிந்திய எண்ணெய் அவற்றின் வழியே விரைவாகக் கிணற்றை அடையும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதும் இதற்குத் துணை செய்யும்.

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் இவ்வாறே நேர்ந்தது. அங்கும் சுண்ணாம்புப் பாறைதான். மக்கள் நம்பியிருப்பதும் கிணறுகளைத்தான். அனல் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

கண்டறிவது எப்படி?

கிணற்று நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் அதை ஒரு குச்சியால் கலைத்துப் பார்க்கவேண்டும். படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்தால் உண்டானது. உடனே மீண்டும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம். டீசலும் பெட்ரோலும் நீரில் மிதக்கும். டிரைகுளோரோஎத்திலீன் நீரைவிடக் கனமானது, அடியில் இறங்கிவிடும். நீரில் கரைந்த பென்சீன், தீயணைப்பு நுரையின் இரசாயனங்கள் ஆகியவற்றைக் கண்ணால் காண முடியாது. எனவே நீர் தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

பாசன நீருக்குச் செய்யும் வழக்கமான பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு முதலியவை மட்டுமே தெரியும். எண்ணெய்க் கலப்பு தெரியாது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்கவேண்டும். மாதிரி நீரைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில், காற்று இடைவெளி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும்.

சந்தேகம் வந்தால் செய்யவேண்டியவை

1. அந்த நீரைக் குடிப்பதையும், மாடுகளுக்குக் காட்டுவதையும், கீரை, காய்கறி, தீவனப் பயிர்களுக்குப் பாய்ச்சுவதையும் உடனே நிறுத்தவேண்டும்.

2. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. கரைப்பான்கள் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். தீயணைப்பு நுரையின் இரசாயனங்களோ ஆவியாகா. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

3. கெட்ட நீரை இறைத்து வெளியேற்றிவிடலாம் என்று மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. அது தொலைவில் உள்ள மாசையும் கிணற்றை நோக்கி இழுத்துவரும்.

4. தேதி, மணம், நிறம், கால்நடைகளின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். புகைப்படமும் எடுத்து வைக்கவேண்டும்.

சுத்திகரிப்பு முறைகள்

இராணுவத் தளங்களில் முதலில் கசியும் தொட்டியை அகற்றி, நனைந்த மண்ணைத் தோண்டி எடுக்கின்றனர். மண்ணிடுக்கில் உள்ள ஆவியைக் குழாய் மூலம் உறிஞ்சுகின்றனர். நிலத்தடி நீரை இறைத்து, காற்றூட்டியும் கரித்தூளில் வடிகட்டியும் தூய்மை செய்கின்றனர். இவை பெருஞ்செலவு பிடிப்பவை, பல்லாண்டுகள் நீடிப்பவை.

டீசலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இயற்கையாகவே உள்ளன. அவற்றுக்குக் காற்றும் ஈரமும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தேவை. வயலில் ஒரு கேன் டீசல் சிந்திவிட்டால் உடனே மரத்தூள், உமி அல்லது காய்ந்த மண்ணைக் கொட்டி உறிஞ்சச் செய்யவேண்டும். பிறகு நனைந்த மண் முழுவதையும் வெட்டி எடுத்து, கிணற்றுக்கு எட்டத்தில், தடித்த பாலித்தீன் விரிப்பின்மேல் அரை அடி உயரத்திற்குப் பரப்பலாம். மக்கிய தொழுஉரமும் சிறிது யூரியாவும் கலந்து, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை கிளறிவிடவேண்டும். மழை பெய்தால் மூடவேண்டும். பல மாதங்கள் கழித்துப் பரிசோதித்த பின்னரே அம்மண்ணை வயலில் சேர்க்கலாம். பெருங்கசிவுக்கு இம்முறை போதாது. ஈயம் போன்ற உலோகங்களை நுண்ணுயிர்களால் அழிக்கவும் முடியாது.

வருமுன் காப்பு

டீசல் என்ஜினின் கீழ் தட்டு வைத்துச் சொட்டும் எண்ணெயைப் பிடிக்கவேண்டும். டீசல் கேனையும் பூச்சிமருந்தையும் கிணற்று மேட்டில் வைக்கக்கூடாது. டிராக்டரின் கழிவு எண்ணெயை வரப்பில் ஊற்றக்கூடாது. தெளிப்பானைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவக்கூடாது. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை முறையாக மூடவேண்டும். திறந்த குழாய், மாசு நேராகக் கீழிறங்கும் வழியாகிவிடும்.

முறையிடுவது எங்கே?

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை பெறவேண்டும். 2010ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும். தென்னக அமர்வு சென்னையில் உள்ளது. இழப்பீடு கோரும் மனுவைக் காரணம் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தரவேண்டும். ஆகவே தாமதம் கூடாது.

பக்கத்துக் கிணற்றுக்காரர்களும் சேர்ந்து ஒரே நாளில் மாதிரி எடுத்தால் மாசு எத்திசையிலிருந்து வருகிறது என்பது புலப்படும். அருகில் டீசல் தேக்கமோ பட்டறையோ இருந்தால், கெடுதல் தெரியாத இப்போதே ஒருமுறை நீரைச் சோதித்து முடிவைப் பத்திரப்படுத்துவது நல்லது. முன்பு நீர் நன்றாக இருந்தது என்பதற்கு அந்தத் தாளே பிற்காலத்தில் சாட்சியாகும்.