பயில்முறை இசைநாடகமும் பார்வையாளர் கடமையும்

முன்னுரை

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்த நம் முன்னோர், முன்னைய இரண்டும் மூன்றாவதனுள் அடங்கக் கண்டனர். உரையாடல் இயலாகவும் பாடல் இசையாகவும் நின்று நடிப்பால் ஒன்றுபடுவதே இசைநாடகம். இக்கலையை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் தொழில்முறைக் குழுவினர். அலுவல் முடிந்த மாலைப்பொழுதில் ஒத்திகை பார்த்து, ஊதியம் கருதாது ஆடியோர் பயில்முறைச் சபையினர். இவ்விரு சாராரையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயின் பயில்முறைச் சபையின் முன் அமர்ந்திருந்த பார்வையாளரைப் பற்றிய பேச்சு குறைவு. அவருக்கும் அக்கலையின் வாழ்வில் பங்குண்டு என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

ஒரு மாணவர் கண்ட நாடகம்

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினர். கற்றோரும் உத்தியோகத்தில் இருப்போரும் வேடம் புனைந்த காட்சி அன்று புதுமையாக இருந்தது. கூத்தாடுதல் இழிதொழில் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. அந்நாடகங்களைக் கண்டோருள் பதினெட்டு வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964). தமிழிலும் இவ்வாறு செய்தல் இயலும் என்ற எண்ணம் அவருள் எழுந்தது. அவ்வாண்டிலேயே நண்பர்களோடு கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார்.

பிற்காலத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிய அவர், எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். அவருடைய ‘மனோகரா’ 1895இல் மேடையேறியது. தீரர் சத்தியமூர்த்தி போன்றோரும் அச்சபையில் சேர்ந்து நடித்தனர். சென்னை விக்டோரியா பொது மண்டபம் பல்லாண்டுகள் அச்சபையின் இருப்பிடமாக விளங்கிற்று. இவ்வளவுக்கும் வித்து யாது? ஓர் இளைஞர் நாடகத்தைக் கருத்தூன்றிப் பார்த்ததே அன்றோ!

பாடலின் இடம்

அக்காலத் தொழில்முறை மேடையில் பாடலே கோலோச்சியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய நாடகங்கள் இசைவளம் மிக்கவை. 1853ஆம் ஆண்டளவில் லக்னோவில் ஆகா ஹசன் அமானத் உருது மொழியில் இயற்றிய ‘இந்தர் சபா’ என்னும் இசைநாடகம், பார்சிக் குழுக்களின் வழியே நாடெங்கும் பரவியது. அக்குழுக்களின் இந்துஸ்தானி மெட்டுகள் தமிழ் மேடையிலும் குடியேறின. ‘பார்சி மெட்டு’ என்ற வழக்கே அதற்குச் சான்று. மொழியும் சமயமும் வேறாயினும் இசை எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

எனினும் ‘ஒன்ஸ்மோர்’ என்னும் அவையின் கூச்சலுக்கு இணங்கி ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பாடியதால் கதை இடையில் நின்றது. நாடகம் விடியும்வரை நீண்டது. பயில்முறைச் சபையார் பாடலை அறவே நீக்கினாரல்லர். அளவைக் குறைத்தனர், உரையாடலுக்கு ஏற்றம் தந்தனர், சில மணி நேரத்துள் நாடகத்தை முடித்தனர். இம்மாற்றத்தை அவை ஏற்றதால் அன்றோ அது நிலைத்தது? ஏற்காதிருப்பின் சபையாரின் முயற்சி வீணாகியிருக்கும்.

கடல் கடந்த பயன்

1911இல் சுகுண விலாச சபையார் கொழும்பு சென்று நாடகங்கள் நடத்தினர். அவற்றின் தாக்கத்தால் அங்கே இலங்கை சுபோத விலாச சபை தோன்றியது. ஈழத்து நாடக உலகின் முன்னோடியாகிய கலையரசு சொர்ணலிங்கம், பம்மல் சம்பந்த முதலியாரைத் தம் ஆசானாகப் போற்றினார். பல்லாரியார் சென்னைக்கு அளித்ததைச் சென்னையார் கொழும்புக்கு அளித்தனர். ஓரிடத்து அவை மற்றோரிடத்து மேடையாகிய வரலாறு இது.

பார்க்கும் முறை

தொழில்முறைக் கலைஞரின் குரல் நாளும் பழகியது. பயில்முறை நடிகரோ ஆண்டுக்கு ஓரிரு முறையே மேடையேறுபவர். உரையாடலில் தடுமாறினால் சமாளிக்கலாம். பாட்டில் சுருதி விலகினால் மறைக்க இடமில்லை. ஆதலின் அவரைக் காண்போர் மூன்றினைக் கருத்தில் கொள்ளல் நன்று. முதலாவது, அப்பாடல் கதைக்கு வேண்டுவதா, வெறும் அலங்காரமா என நோக்குதல். இரண்டாவது, குரலினிமையோடு சொல் தெளிவையும் பாவத்தையும் கேட்டல். மூன்றாவது, ஆர்மோனியமும் மிருதங்கமும் நடிகரைத் தாங்கிச் செல்லும் திறத்தை உணர்தல்.

நம் அனுபவம் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஒரு சிற்றூர் மண்டபத்தில் அரிச்சந்திர நாடகம் நடந்தது. மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நடித்த இளைஞரின் குரல் மேல் சுரத்தை எட்டாமல் உடைந்தது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அச்சிரிப்பில் நாமும் கலந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆர்மோனியக்காரர் சற்றும் பதறாது கட்டையைக் குறைத்துச் சுருதியை மீட்டுத் தந்தார். இளைஞர் பாடலை முடித்தார். அவ்வளவில் அவை கைதட்டவும் செய்தது. ஆயினும் மறு ஆண்டு அவர் மேடையேறவில்லை. நாடகத்திற்கு நாம் கொடுத்த சீட்டுக் காசைவிட, அவரிடமிருந்து நாம் பறித்தது பெரிது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இதனால் குறைகாணல் தகாது என்பது பொருளன்று. திரை விழுந்தபின் ஒப்பனை அறைக்குச் சென்று, நன்றாக அமைந்ததை முதலிலும் திருத்த வேண்டியதைப் பின்னரும் எடுத்துரைப்பதே முறை. மேடையில் நிற்போரை நகைத்தல் திறனாய்வு ஆகாது.

முடிவுரை

1931இல் பேசும்படம் வந்தபின் நாடகப் பாடல் திரைக்குச் சென்றது. தொலைக்காட்சி வந்தபின் அவையோரும் வீட்டுக்குள் ஒதுங்கினர். இன்று பயில்முறை நாடகத்தைத் தாங்கி நிற்பவை கல்லூரி விழாக்களும் ஊர் மண்டபங்களுமே. மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் அத்தகைய நாடகம் நடக்குமாயின் முன்வரிசையில் சென்று அமருங்கள். ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் உடன் வருதல் சிறப்பு. உங்கள் அருகில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அமர்ந்திருக்கலாம். அன்று அவர் காண்பது நடிகரை மட்டுமன்று. அவரை நாம் எவ்வாறு ஏற்கிறோம் என்பதையும் காண்கிறார். நாளை அவர் மேடையேறுவதும் ஏறாததும் அதனைப் பொறுத்தே அமையும்.