மரக்கட்டையில் விளையும் காளான்

மாணவர்களே! மழை பெய்த மறுநாள் வைக்கோற்போரில் காளான் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானியரோ மரக்கட்டைகளிலேயே ஒருவகைக் காளானைப் பயிரிடுகின்றனர். அதன் பெயர் ஷிடாக்கே. ‘ஷீ’ என்னும் மரத்தில் வளரும் காளான் என்பது இதன் பொருள்.

காளானில் பச்சையம் இல்லை. ஆகவே அது தன் உணவைத் தானே தயாரிக்க இயலாது. பட்ட மரத்தை நொதிகளால் சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது.

ஷிடாக்கேயை வெயிலில் உலர்த்துவது நல்லது. ஏன் தெரியுமா? அதன் செல்களில் எர்கோஸ்டிரால் என்னும் பொருள் உள்ளது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் பட்டதும் அதில் ஒரு பகுதி வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. இவ்வைட்டமின் எலும்புகளுக்கு உறுதி தருவது.

1969-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி கோரோ சிஹாராவும் அவர்தம் குழுவினரும் இக்காளானிலிருந்து லென்டினான் என்னும் கூட்டுச்சர்க்கரையைப் பிரித்தெடுத்தனர். அதைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது புற்றுக்கட்டிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. அது கட்டியை நேரே தாக்கவில்லை. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டியது. 1985-இல், இரைப்பைப் புற்றுநோய்க்குப் பிற மருந்துகளுடன் சேர்த்து ஊசிமூலம் செலுத்த ஜப்பானில் அனுமதி கிடைத்தது.

அப்படியானால் காளான் குழம்பு புற்றுநோயைத் தீர்க்குமா? தீர்க்காது. ஊசியில் இருந்தது பிரித்துத் தூய்மை செய்த பொருள். தட்டில் இருப்பது உணவு. குழம்பை நம்பி வைத்தியத்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மற்றொன்று: ஷிடாக்கேயைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால், சிலருக்குத் தோலில் சாட்டையடித் தழும்புபோல் சிவந்த கோடுகள் தோன்றும். ஆகவே நன்கு வேகவைத்தே உண்ணவேண்டும்.