தவக்காலத்தில் ஓய்வா?

பத்தாம் வகுப்பு மாணவி, பசியாவரம்



தவக்காலம் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாவை? நெற்றியில் பூசும் சாம்பல், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, இறைச்சி ஒறுத்தல், உண்டியலில் சேர்க்கும் சில்லறை. பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அதுதான் அரசுப் பொதுத்தேர்வு! வீட்டிலும் பள்ளியிலும் "படி, படி" என்ற ஒரே சொல்தான் காதில் விழும்.

இந்த வேளையில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், "தவக்காலத்தில் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்குங்கள். அமைதியாக இருந்து இறைவன் பேசுவதைக் கேளுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தவம் என்றால் உடலை வருத்துவது. ஓய்வு என்றால் சுகம். இரண்டும் எப்படி ஒன்றாகும்? இக்கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

நாற்பது நாள் கணக்கு

திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணிப் பாருங்கள். 46 நாள்கள் வரும். பிறகு ஏன் நாற்பது நாள் என்கிறோம்? இடையில் வரும் 6 ஞாயிற்றுக்கிழமைகளை நோன்பு நாள்களாக எண்ணுவதில்லை. அவை ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் நாள்கள். ஆகவே தவக்காலத்தின் உள்ளேயே திருச்சபை ஓய்வை வைத்திருக்கிறது!

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியாவைக் காண்கிறோம். அவர் பகைவருக்கு அஞ்சி ஓடி, களைத்து, சாவதே மேல் என்று வேண்டி ஒரு செடியின் கீழே படுத்துவிட்டார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறங்க விட்டார். வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். அதன் பின்னரே எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். அங்கே பெருங்காற்றிலோ, நிலநடுக்கத்திலோ, தீயிலோ ஆண்டவர் இல்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியில்தான் எலியா அவரை உணர்ந்தார். களைத்துப்போன காதுக்கு மெல்லிய குரல் கேட்காது என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

ஏரி கற்பிக்கும் பாடம்

எங்கள் பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. இங்கே 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. தவக்காலத்தில் நாம் தியானிக்கும் இயேசுவின் பாடுகளன்று இது. ஏரியில் இன்ன இடத்தில் இன்று இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வதே பாடு. தம் முறை வராதவர் அந்த இடத்தில் வலை போடுவதில்லை. இறால் துள்ளினாலும் காத்திருக்க வேண்டும். ஒருவர் காத்திருப்பதால்தான் மற்றவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

கடலுக்கும் ஓய்வு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை இருக்கிறது. முன்பு 45 நாள்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாள்களாயிற்று. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கே இந்த ஏற்பாடு. ஓய்வு கொடுத்தால் கடலும் திரும்பக் கொடுக்கிறது.

அம்மாவின் முழங்கால்

இவற்றை எல்லாம் அறிந்துகொண்ட நான், ஒரு ஞாயிறு காலை திருப்பலிக்குப் பின் அரைமணி நேரம் அமைதியாக இருப்பது என்று முடிவு செய்தேன். விவிலியத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் எடுத்துவர என்னைக் கூப்பிட்டார். "நான் செபத்தில் இருக்கிறேன் அம்மா" என்றேன். "சரிம்மா, நீ செபம் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு அவரே போனார்.

நான் விரித்த பக்கம் இணைச்சட்டம் 5-ஆம் அதிகாரம். ஓய்வுநாள் கட்டளை அங்கே இருந்தது. சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த கட்டளைதான். ஆனால் அதன் பின்பகுதியை அன்றுதான் கவனித்தேன். நீ மட்டுமன்று, உன் பிள்ளைகளும், உன் வேலைக்காரரும், மாடும் கழுதையும், உன் ஊரில் இருக்கும் அந்நியரும் ஓய்வுகொள்ள வேண்டும் என்கிறது. உன்னைப் போலவே உன் வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும் என்று விளக்கமும் தருகிறது. என் ஓய்வுக்காக அன்று குடம் சுமந்தவர் யார்? என் தாய்! எனக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது.

எழுந்து ஓடிப்போய்க் குடத்தை வாங்கினேன். மீதி மீனையும் நானே ஆய்ந்தேன். "நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள் அம்மா" என்றேன். அவருக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. இரண்டு முறை எழுந்துவிட்டார். பிறகு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே, "தை மாதத்திலிருந்து இது வலிக்கிறது" என்றார். வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர் சொல்ல உட்கார்ந்ததும் இல்லை. நாங்கள் கேட்க உட்கார்ந்ததும் இல்லை. மறுவாரம் அப்பா அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

அன்று இறைவன் என்னோடு பேசினாரா என்று கேட்டால், பேசினார் என்றே சொல்வேன்.

நாம் செய்யக் கூடியவை

தேர்வு நேரமாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். நான் செய்து பார்த்த மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1. காலையில் பாடப்புத்தகத்தைத் திறக்குமுன் பத்து நிமிடம் எதையும் கேட்காமல் இறைவன் முன் அமர்ந்திருக்கலாம். நற்செய்தியில் நாலு வரி படித்தால் போதும்.

2. இரவில் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு உரிய நேரத்தில் உறங்கலாம். எலியாவுக்கு வேண்டியிருந்த உறக்கம் நமக்கும் வேண்டும்.

3. ஞாயிறுதோறும் வீட்டில் ஒருவருடைய ஒரு வேலையை நாம் ஏற்று, அவரை உட்கார வைத்து, அவர் பேசுவதைக் கேட்கலாம். இதுவும் ஓர் ஒறுத்தலே.

எங்கள் ஏரி கடலோடு சேரும் இடத்தை முகத்துவாரம் என்போம். அதை மணல் மூடிக்கொண்டால் கடல்நீர் உள்ளே வருவது குறையும். மீனும் இறாலும் குறையும். மணலை அகற்றி வழிவிட்டால் ஏரி மீண்டும் உயிர்பெறும். நம் உள்ளத்தின் வாயிலையும் வேலையும் கவலையும் சிறிது சிறிதாக மூடுகின்றன. இத்தவக்காலத்தில் நாள்தோறும் ஒரு கூடை மணலையாவது அள்ளி அப்புறப்படுத்துவோம். நாம் ஓய்வோம்; பிறரையும் ஓயவிடுவோம். இறைவனின் குரல் நமக்கும் கேட்கும்.