உச்சிக்கு மேல் இடமில்லை

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த இரவில், கடலூர், சிதம்பரம் வட்டார வயல்களில் தவளைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். அவற்றுள் பெரிய வயல் தவளையினம் பாகிஸ்தான் முதல் பங்களாதேஷ் வரை பரவியுள்ளது. ஒரு வயல் மனையாகிப் போனாலும் அந்த இனம் அழிந்துவிடாது.

இதற்கு நேர்மாறான தவளை ஒன்று உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருக்கும் ஆனைமுடி (2,695 மீட்டர்) தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். அதன் உச்சிப் பகுதியில் வாழும் 'ராவோர்கெஸ்டிஸ் ரெஸ்பிளெண்டென்ஸ்' என்ற தவளையை 2010-இல் எஸ்.டி. பிஜுவும் உடன் ஆய்வாளர்களும் உலகுக்கு அறிவித்தனர். செம்மஞ்சள் நிறம், மேனியெங்கும் புடைத்த சுரப்பிகள், மிகக் குட்டையான கால்கள். அப்போது அறியப்பட்ட அதன் வாழிடம் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பக்கத்துக்கு 1¾ கிலோமீட்டர் உள்ள சதுரத்துக்குள் ஓர் இனமே அடங்கிவிடுகிறது!

ஏன் கீழே இறங்கி வரக்கூடாது? இங்கேதான் பௌதிகம் வருகிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் சீறி வரும் காற்று விரலில் குளிர்ச்சியாகப் படும். விரிவடையும் காற்று தன் வெப்ப ஆற்றலைச் செலவிடுவதே காரணம். மலைச்சரிவில் மேலேறும் காற்றும், உயரே அழுத்தம் குறைவதால், விரிந்து குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சிதம்பரத்தில் 30 டிகிரி என்றால் ஆனைமுடி உச்சியில் ஏறத்தாழ 12½ டிகிரிதான்.

இந்தத் தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே உருமாறிக் குட்டித் தவளையாக வெளிவருகிறது. ஆகவே குளம் வேண்டாம்; முட்டை காய்ந்துபோகாத ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும்.

இப்போது பூமி 1 டிகிரி சூடேறுவதாகக் கொள்வோம். பழைய குளிர்ச்சியைப் பெற ஏறத்தாழ 150 மீட்டர் மேலே போகவேண்டும். மலையை ஒரு கூம்பாகவும், வாழிடத்தை அதன் உச்சி 300 மீட்டராகவும் வைத்துக்கொள்ளுங்கள். 150 மீட்டர் போனால் எஞ்சுவது பாதி என்றுதானே தோன்றுகிறது? கூம்பின் பரப்பு உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. எஞ்சுவது கால் பங்குதான். இன்னொரு டிகிரிக்கு ஒன்றுமே மிஞ்சாது.

நிஜ மலை கூம்பல்ல. மூடுபனி, மழை எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சரி, அடுத்த சிகரத்துக்குப் போய்விடலாமே என்பீர்கள். வழியில் இருப்பது வெப்பமான பள்ளத்தாக்கு. குட்டைக்கால் தவளைக்கு அது கடல்தான்.